குழலை நிறுத்துங்கள், உக்பிக் பேசுகிறார்

உக்பிக் பேசாத மனிதர் என்று வாரியம் முடிவு கட்டியபோது அவர் பேசிக்கொண்டுதான் இருந்தார். எந்நேரமும் பேசுகிறவர் அவர். கல்லை அறுத்துக்கொண்டே பேசுவார், இருமிக்கொண்டே பேசுவார், வாய் நிறைய கடல்நாய்க் கறி இருந்தாலும் பேசுவார். முப்பத்தொன்பது வருஷம் பச்சைக்கல்லில் ஆந்தையும் கரடியும் செதுக்கி, அந்தத் தூளையே மூச்சாக இழுத்தவர். கடைசியில் இருமலுக்கு நடுவே கிடைத்த இடத்தில்தான் பேச வேண்டியிருந்தது. அந்த இடத்தையும் அவர் சும்மா விடவில்லை.

‘வடதிசைக் குரல்கள் வாரியம்’ என்று தெற்கே தலைநகரத்தில் ஒன்று இருக்கிறது. வடதுருவத்து இனுயிட் கலைஞர்களைப் பற்றிக் குறும்படம் எடுப்பது அதன் வேலை. மார்ச் மாதம் உக்பிக்கைப் பிடித்துப் பன்னிரண்டு நிமிஷப் படம் எடுக்க ஆளனுப்பினார்கள். ஆட்கள் நாலு, பெட்டிகள் இருபத்தாறு. இயக்குநர் பெயர் டெரன்ஸ். தங்கமான மனிதர். எதைச் சொன்னாலும் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் சொல்வார்.

முதல் நாள் உக்பிக்கின் தொப்பியில் சிக்கல் வந்தது. ஹாக்கிக் குழுவின் படம் போட்ட நீலத் தொப்பி.

“தொப்பிய கழட்டணுமாம்ப்பா,” என்றாள் மகள் சியாசி. வீட்டில் வாரியத்தாரின் தென்னாட்டு பாஷை தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

“ஏனாம்?”

“அது இனுயிட் தொப்பி இல்லையாம்.”

“என் தலையில இருக்கே, அப்புறம் வேற யாரு தொப்பியாம்?”

டெரன்ஸ் நெஞ்சில் கை வைத்தார். அருங்காட்சியகத்திலிருந்து கையோடு கொண்டுவந்திருந்த தோல் அங்கியைப் பெட்டியிலிருந்து எடுத்தார். நூறு வருஷத்து அங்கி, அருமையான தையல். பெண்கள் போடுவது. முதுகில் பிள்ளையை உட்கார வைக்கிற பெரிய பை தொங்கியது.

அதைச் சியாசி சொன்னாள். அருங்காட்சியகம் சரிபார்த்துத்தான் அனுப்பியது என்றார் டெரன்ஸ். உக்பிக் மறுபேச்சில்லாமல் மாட்டிக்கொண்டு வெளியே வந்து நின்றார். ஊரே வேடிக்கை பார்க்க வந்துவிட்டது. கூட்டுறவுக் கடையைக்கூட அரை மணி நேரம் பூட்டிவிட்டு வந்தார்கள்.

“எப்படிடி இருக்கேன்?” என்று மனைவி அலாசுவாவைக் கேட்டார்.

“லட்சணமாத்தான்யா இருக்க. புள்ளைய எங்க விட்டுட்டு வந்த?”

“வரும், வரும்,” என்று முதுகுப் பையைத் தட்டிக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். டெரன்ஸ் அந்தச் சிரிப்பைப் படம் பிடிக்கவில்லை. பெருந்துயரத்தில் வாழும் சமூகம் என்று அவருடைய தாளில் எழுதியிருந்தது.

அடுத்த நாள் கட்டிங் மிஷின் ஆகாது என்றார்கள். சத்தம் மரபுக்கு ஒவ்வாதாம். கையில் ஒரு கோடாலியைக் கொடுத்து, வெட்டவெளியில், கன்னம் கருகுகிற குளிரில் கல்லைக் கொத்தச் சொன்னார்கள். முப்பது வருஷமாகக் கோடாலி தொடாதவர் நாலாவது கொத்திலேயே கட்டைவிரலைக் கொத்திக்கொண்டார். ரத்தம் நன்றாகப் படத்தில் விழுந்திருக்கிறது என்று டெரன்ஸ் ஆறுதல் சொன்னார்.

மூன்றாம் நாளும் நாலாம் நாளும் தொலைவைப் பார்க்கும் காட்சி.

“அங்க என்ன இருக்கு?” என்று கேட்டார் உக்பிக்.

“ஒண்ணுமில்லையாம். சும்மா பாக்கணுமாம்.”

பார்த்தார். நாற்பது நிமிஷம் பார்த்தார். பிறகு, “சொல்லிடு, கக்கூஸ் தண்ணி எடுக்குற லாரி வருது. நான் நகரலேன்னா ஏத்திடுவான்,” என்றார். படத்தில் அந்த இடத்தில், மூதாதையரின் அழைப்பை அவர் கேட்பதாக ஒரு குரல் சொல்கிறது.

ஐந்தாம் நாள்தான் நேர்காணல். பூரண அமைதி வேண்டும் என்று வீட்டிலிருந்த அத்தனை பேரையும் வெளியேற்றினார்கள். உறைபெட்டி உறுமுகிறது என்று அதன் வயரையும் பிடுங்கினார்கள். திருப்பி மாட்ட மறந்துபோய், நாற்பது ஆற்றுமீன் வீணானது பிற்பாடு தெரிந்தது. சியாசி பாஷை சொல்வதற்காக உள்ளே உட்கார்ந்தாள். அவளையும் டெரன்ஸ் எழுப்பிவிட்டார். கலைஞனுக்கும் கேமராவுக்கும் நடுவே மொழி என்ற தடை இருக்கக் கூடாதாம்.

ஒரு மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. உக்பிக் களைத்துப்போய் டீக்கோப்பையோடு உட்கார்ந்திருந்தார்.

“சொல்லிட்டேன்,” என்றார் அலாசுவாவிடம்.

“என்னத்த?”

“செத்தப்புறம் எங்க வரேன்னு.”

அலாசுவா கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தாள்.

அவர்கள் வழக்கத்தில் செத்தவர் பெயர் பிறக்கும் பிள்ளைக்குப் போகும். பெயரோடு ஆளும் போவார். உக்பிக்கின் அத்தை செத்த வருஷம் பிறந்து அந்தப் பெயரோடு வந்தவள் சியாசி. அதனால் பெற்ற மகளை அவர் ‘அத்தை’ என்றுதான் கூப்பிடுவார், அத்தைக்குரிய மரியாதையோடு திட்டும் வாங்கிக்கொள்வார். அந்த மார்ச்சில் குடும்பத்தில் இரண்டு வயிறு நிறைந்திருந்தது. ஒன்று சியாசி. இன்னொன்று அறுபது தப்படி தள்ளியிருந்த வீட்டில், மகன் லூகாசியின் மனைவி எலிசாபி.

அந்த அறுபது தப்படியை உக்பிக் பதினோரு வருஷமாக நடக்கவில்லை. லூகாசி தான் செதுக்கிய கரடி ஒன்றில் அப்பாவின் முத்திரையைக் கீறி, அப்பா செய்தது என்று கடையில் கொடுத்துவிட்டான். உக்பிக் அந்தக் கரடியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார், வைத்தார், வந்துவிட்டார். எந்நேரமும் பேசுகிறவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மகனும் வரவில்லை, அவரும் போகவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, லூகாசி வீட்டுக் கதவு கீல் விட்டுக் காற்றில் அடித்துக்கொள்வதை மட்டும் பார்க்காதவர் மாதிரிப் பார்ப்பார். கதவுக்காக வீட்டு வசதி அலுவலகத்தில் லூகாசி மனுக் கொடுத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கயிறு கட்டிக் கம்பளி தொங்கவிட்டு ஒப்பேற்றிக்கொண்டிருந்தான்.

“எந்த வீட்டுக்குய்யா?” என்று கேட்டாள் அலாசுவா.

“அந்தப் பெட்டிகிட்ட சொல்லிட்டேன்டி. உங்கிட்ட சொன்னா நீ அழுவ, நானும் அழுவேன், மூச்சு அடைச்சுக்கும். ஆகஸ்டுல படத்த இங்க கொண்டாந்து போடுவாங்களாம். ஊரே கேக்கட்டும். அவனும் கேக்கட்டும்.”

மே மாதம் உக்பிக் போய்விட்டார்.

ஜூனில் சியாசிக்கு மகன் பிறந்தான். பக்கத்து வீட்டில் வசந்தத்தில் செத்துப்போன கிழவி மூன்று முறை சியாசியின் கனவில் வந்து டீ கேட்டிருந்தாள். அவள் பெயரை வைத்தார்கள். பிள்ளை குண்டாகத் தூங்கியது. ஜூலையில் எலிசாபிக்கு மகள். அது தூங்கவேயில்லை. ஊர்ப் பெண்கள் பார்த்துவிட்டு, “பேர் தேடுது,” என்றார்கள். உக்பிக் என்ற பெயருக்கு ஆண், பெண் என்றெல்லாம் கிடையாது. அந்தப் பெயரை வைத்தால் லூகாசி தன் மகளை ‘அப்பா’ என்று கூப்பிட்டுத் தோளில் போட்டுத் தட்டித் தூங்க வைக்கலாம்.

“வச்சுடேன்டா,” என்றாள் அலாசுவா, அவன் வீட்டு வாசலில் நின்று.

“அவரு கேட்டாரா?”

“தெரியலடா. படத்துலதான் இருக்கு.”

“ஏற்கெனவே ஒருதரம் கேக்காம எடுத்தவம்மா நானு,” என்றான் லூகாசி. “இன்னொரு தரம் எடுக்க மாட்டேன்.”

ஆகஸ்டில் பள்ளிக்கூடத்து விளையாட்டுக் கூடத்தில் திரை கட்டினார்கள். படத்தோடு வாரியத்தின் உறவுப் பொறுப்பாளர் திருமதி ஆஷ்கிராஃப்ட் வந்திருந்தார். படம் பன்னிரண்டு நிமிஷம், அவர் உரை நாற்பது நிமிஷம்.

“நாங்கள் வருமுன் இந்த மக்களுக்குக் குரல் இருக்கவில்லை,” என்று தொடங்கினார். “இன்று இருக்கிறது. அது தலைநகரத்தில், எங்கள் கட்டடத்தின் மூன்றாம் நிலவறையில், ஈரம் புகாத பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. அதை யாரும் தொட முடியாது. நீங்களே முயன்றாலும் முடியாது. அந்த அளவுக்கு உங்கள் குரலை நாங்கள் மதிக்கிறோம்.”

கூட்டம் கைதட்டியது. உரை முடிந்தால் பானக் என்கிற தட்டை ரொட்டியும் சூப்பும் கிடைக்கும் என்று சொல்லியிருந்தார்கள்.

விளக்கை அணைத்தார்கள். படத்தின் பெயர் ‘பேசாத கல்லின் குரல்’. பெண்கள் அங்கியில் உக்பிக் கோடாலியோடு வந்தார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தொலைவைப் பார்த்தார். கல்லைத் தடவினார். பத்தாவது நிமிஷத்தில் அலாசுவாவின் சமையலறை வந்தது. ஜன்னலோரம் உக்பிக். வாயைத் திறந்தார்.

குழல் இசை எழுந்தது. அந்தப் பக்கத்தில் எவரும் ஊதாத, எந்த ஊர்க் குழல் என்றே தெரியாத குழல். அதன் மேல் ஒரு தடித்த குரல் தென்னாட்டு பாஷையில் மௌனத்தைப் பற்றி ஏதோ சொன்னது. அதற்குக் கீழே உக்பிக்கின் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. ஒரு தடவை ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுபடி உதடு அசைந்தது.

அலாசுவா எழுந்து நின்றாள்.

“அந்தக் குழல நிப்பாட்டுங்க! எம் புருஷன் பேசிட்டிருக்காரு!”

குழல் நிற்கவில்லை. படம் முடிந்தது. சியாசி மேடைக்குப் போய், அம்மா கேட்பதை எடுத்துச் சொன்னாள். திருமதி ஆஷ்கிராஃப்ட் அலாசுவாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“முதலில் அவர் பேச்சை வைத்துத்தான் பார்த்தோம்,” என்றார். “தெற்கே இருநூறு பேருக்குப் போட்டுக் காட்டியதில், அவர் பேசாமலிருந்தால் இன்னும் ஆழமாக இருக்கும் என்று நூற்றெண்பது பேர் சொன்னார்கள். உங்கள் கணவரின் மௌனம் இப்போது ஏழு நாடுகளில் பேசப்படுகிறது.”

“அவரு என்ன சொன்னாருன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“அதை மொழிபெயர்த்தால் நாங்கள் இடையில் புகுந்ததாகிவிடும். எங்கள் கொள்கை அதை அனுமதிப்பதில்லை.”

லூகாசி கடைசி வரிசைக்கும் பின்னால், கதவோரம் நின்று பார்த்திருந்தான். வெளியே வந்ததும் அம்மாவோடு கூடவே நடந்தான்.

“அப்பா ஏதாச்சும் சொன்னாராம்மா?”

“சொன்னாருடா,” என்றாள் அலாசுவா. “குழல் ஊதிட்டாங்க.”

மறுநாளே சியாசி வாரியத்துக்கு எழுதினாள். பதினோரு பக்க விண்ணப்பம் வந்தது. ஒலியில் பேசியிருப்பவரின் கையொப்பம் கேட்டிருந்தது. அவர் இறந்துவிட்டார் என்று எழுதினார்கள். பேசியவர் இறந்திருந்தால், இறந்தபின் தம் குரலை இன்னார் கேட்கலாம் என்று இறக்குமுன் வாரியத்தின் படிவத்தில் அவர் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும் என்று பதில் வந்தது. அப்படிப் படிவம் உண்டா என்று கேட்டார்கள். தயாரிப்பில் இருப்பதாகச் சொன்னார்கள்.

அடுத்து உண்மை சரிபார்க்கும் பிரிவு எழுதியது. ‘எட்டாம் நாடாவில், அறுபத்தெட்டு வயதுக் கலைஞர், விண்ணப்பதாரரான இருபத்துநாலு வயதுப் பெண்ணை அத்தை என்று அழைப்பதாக மொழி ஆலோசகர் குறிப்பிட்டுள்ளார். மகள் என்ற முறையில் விண்ணப்பித்திருப்பவர், தாம் அத்தை இல்லை என்பதற்குச் சான்று அனுப்பவும்.’

“அனுப்புடி. உன் பொறப்புச் சீட்டையும் வை, அத்தை கல்லறைச் சிலுவையப் படம் புடிச்சு அதையும் வை,” என்றாள் அலாசுவா.

வைத்தார்கள். மூன்று வாரத்தில் பதில் வந்தது. ‘விண்ணப்பதாரர் தாம் பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்டதாக இணைப்பிலிருந்து தெரிவதால் கோப்பு நிறுத்தி வைக்கப்படுகிறது.’

சியாசி அன்று சிரித்தாள். அலாசுவா சிரிக்கவில்லை. ஜன்னலில் லூகாசி வீட்டுக் கம்பளி ஆடுவது தெரிந்தது. உள்ளிருந்து பிள்ளை அழுகிற சத்தம், அழுகையும் இருமலுமாக, காற்று இந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் வந்தது. உக்பிக்கின் இருமல் மாதிரியே இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது.

செப்டம்பரில் திருமதி ஆஷ்கிராஃப்டே தொலைபேசியில் பேசினார். கோப்பைத் தாமே நகர்த்திவிட்டாராம். ஒன்றே ஒன்று பாக்கி. இறந்தவரின் குரலைக் கேட்டால் அலாசுவாவின் மனம் தாங்குமா என்று தெற்கே ஒரு வல்லுநரிடம் சான்றிதழ் வாங்க வேண்டும்.

“நாப்பத்தாறு வருஷம் கேட்டேனே, அதுக்கு எந்த மகராசன் சான்றிதழ் குடுத்தான்னு கேளுடி,” என்றாள் அலாசுவா.

சியாசி அதை மொழிபெயர்த்தாள். மிகவும் அழகான வாக்கியம், எழுதி வைத்துக்கொள்ளட்டுமா என்று திருமதி ஆஷ்கிராஃப்ட் கேட்டார்.

அக்டோபரில் குளிர் இறுகியது. வீட்டு வசதி அலுவலகத்தில் லூகாசி மூன்றாம் முறை போய் நின்றான். கதவு வரிசையில் இருக்கிறது என்றார்கள். எலிசாபியின் அக்கா தெற்கே ஏதோ நகரத்தில் இருந்தாள். பிள்ளைக்கு இருமல் நெஞ்சில் இறங்கியதும், லூகாசி நாலு பைகளைக் கட்டிக்கொண்டு வந்து அம்மா முன்னால் நின்றான். பதினோரு வருஷம் கழித்து அப்பாவின் வீட்டுக்குள் அன்றுதான் காலெடுத்து வைத்தான். உட்காரவில்லை.

“கெளம்புறேம்மா.”

“பேரு வைக்காமயாடா?”

“அவரு சியாசி வீட்டத்தான் சொல்லியிருப்பாரும்மா. எனக்குத் தெரியும். எம் பொண்ணு அழுதழுது காத்திருந்து ஏமாற வேணாம். அங்க ஆபீசுல ஏதாச்சும் ஒரு பேரு குடுப்பாங்க.”

“கொஞ்ச நாள் பொறுடா. அனுப்புறேங்குறாங்க.”

“கதவு பொறுக்கலம்மா,” என்றான்.

பிள்ளை எலிசாபியின் முதுகுப் பையிலிருந்து எட்டிப் பார்த்தது. அலாசுவாவைப் பார்த்து அழுகையை நிறுத்தியது. விமானம் ஏறும்வரை அவளையே பார்த்துக்கொண்டிருந்தது என்று அலாசுவா பிற்பாடு சொல்வாள். போய்ச் சேர்ந்ததும் யாரிடமோ இரவல் வாங்கிய தொலைபேசியில் லூகாசி ஒருமுறை பேசினான். பிறகு அந்த எண்ணில் கூப்பிட்டால் வேறொருவர் எடுத்துத் திட்டினார். எலிசாபியின் அக்கா வீடு மாறியிருந்தாள்.

டிசம்பரில் தபால் வந்தது. படத்துக்குப் பெரிய விருது கிடைத்திருந்தது. குரலற்றோருக்குக் குரல் தந்தமைக்காக. அந்த மகிழ்ச்சியில் எல்லா நிபந்தனைகளையும் தளர்த்தி, ஒலிப்பதிவை ஒரு சின்ன பென்டிரைவ் குச்சியில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். கூடவே உக்பிக் தொலைவைப் பார்க்கும் சுவரொட்டி ஒன்று.

சியாசி கணினியில் குச்சியைச் செருகினாள். அலாசுவா தலைமுடியை வாரி முடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

இருமல். பிறகு அவர்.

“...இந்தப் பையன் டீயத் தொடவே இல்ல, ஆறிப்போச்சு. டேய், ஒங்காலு என் அரத்து மேல இருக்கு. அரம், அரம்! புரியாது இவனுக்கு. சரி. அலாசுவா, கேக்குறியா? அழக் கூடாது. நான் போனப்புறம்...”

கூ என்று ஒரு சத்தம். இரும்பை இழைக்கிற மாதிரி.

“...வீட்டுக்கு வரேன். நானா கேட்டு வரேன்னு சொல்லு. அவன்கிட்ட சொல்லு, அன்னைக்கு அந்தக்...”

மறுபடி கூ. இந்த முறை நிற்கவேயில்லை. சியாசி திரையில் ஓடும் எண்ணைப் பார்த்தாள். இருபத்திரண்டு நொடி. அது நின்றபோது உக்பிக் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

“...அவ்வளவுதான். கதவ மட்டும் சரி பண்ணி வைக்கச் சொல்லு. நான் வர்றப்ப குளிரும்.”

கோப்பை வைக்கும் சத்தம். முடிந்தது.

சியாசி கடிதத்தைப் பிரித்துப் படித்தாள். ‘உயிரோடிருப்பவர்களின் பெயர்களும், அவர்களில் ஒருவர் முன்பு செய்ததாகக் கூறப்படும் செயலும், அதுபற்றிப் பேச்சாளர் தெரிவிக்கும் கருத்தும், அவர்களுடைய அந்தரங்கத்தைக் காக்கும் பொருட்டு மறைக்கப்பட்டுள்ளன. அந்தப் பகுதிகள் மூலப் பதிவிலிருந்தும் நிரந்தரமாக அழிக்கப்பட்டன என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவிக்கிறோம்.’

அலாசுவா அழவில்லை. அழக் கூடாது என்று சொல்லியிருந்தார். அந்த இருபத்திரண்டு நொடியைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னாள். கூவுக்கு அடியில் ஏதாவது கேட்குமா என்று காதைக் கணினிப் பெட்டியில் வைத்துக்கொண்டாள். வீடு எது என்று கதவு சொல்லிவிட்டது. கரடியைப் பற்றி அவர் மகனுக்குச் சொன்னதுதான் இல்லாமல் போய்விட்டது. பதினோரு வருஷம் சேர்த்து வைத்து அவர் சொன்னது இருபத்திரண்டு நொடி.

கோட்டை மாட்டிக்கொண்டு கடைக்குப் பக்கத்திலிருக்கும் வானொலி அறைக்குப் போனாள். அங்கே விண்ணப்பம் கிடையாது. யாரும் போய்ப் பேசலாம். காணாமல் போன கையுறை, விருந்துக்கு அழைப்பு, புருஷனை வீட்டுக்கு வரச் சொல்வது, எல்லாம் அதில்தான். அறிவிப்பாளன் யோவாமி, ஊரார் வீட்டிலிருந்தபடியே சீட்டில் குறித்து ஆடும் பிங்கோவுக்கு எண்களை வாசித்துக்கொண்டிருந்தான்.

“ஒரு சேதி சொல்லணும், லூகாசிக்கு.”

“பெரியம்மா,” என்றான் யோவாமி மெல்ல, “அவன் தெக்க இருக்கான். நம்மளது அந்த மலையையே தாண்டாது.”

“தெரியும்டா. போடு.”

அவன் பிங்கோவை நிறுத்தி ஒலிவாங்கியை அவள் பக்கம் தள்ளினான். ஊர் முழுக்க நூற்று நாற்பது சமையலறைகளில் பென்சில் நின்றது.

“லூகாசி, அம்மா பேசுறேன். அப்பா ஒன் வீட்டுக்குத்தான் வரேன்னாரு. அவராத்தான் கேட்டாரு. ஒங்கிட்ட இன்னும் என்னமோ சொன்னாருடா, அது எனக்குக் கெடைக்கல. பாப்பா அழுதா அப்பான்னு கூப்புட்டுப் பாரு.” ஒலிவாங்கியை இன்னும் கிட்டே இழுத்தாள். “டீ ஆறிப்போச்சுன்னு கத்துனாரு. அந்தப் பழைய கொரல்லயே.”

எழுந்து வந்தாள். திரும்பும் வழியில் லூகாசியின் வீடு. அவர்கள் போன மறுவாரம், அடுத்து வரப்போகிறவருக்காக அலுவலகம் வீட்டைச் செப்பனிட்டிருந்தது. கயிறும் கம்பளியும் இல்லை. புதுக் கதவு, புதுக் கீல், சுற்றிலும் ரப்பர்.

அலாசுவா கையுறையைக் கழற்றிவிட்டுக் கதவின் விளிம்பு நெடுகத் தடவிப் பார்த்தாள். உக்பிக் ஒரு சிலையை முடித்ததும் தடவுவாரே, அப்படி. எங்கேயும் இடுக்கில்லை. நல்ல வேலை. காற்றுகூட உள்ளே போக முடியாது.